காட்டோர விடுதியில் காட்டோரக் கிராமத்துக்கும் பங்கு வேண்டும்

இலங்கை சுற்றுலா அபிவிருத்தி அதிகார சபை, வனஜீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களம், மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டச் செயலகங்கள் ஆகியவற்றில் பொறுப்பு வகிக்கும் அதிகாரிகளின் கவனத்துக்கு.

மதிப்புக்குரியோரே,

பாசிக்குடாவிலும் அறுகம்குடாவிலும் கடலைப் பார்த்துத் திரும்பிய பயணிகள் இப்போது காட்டைக் கேட்கத் தொடங்கியிருக்கிறார்கள். கல்லோயா, லகுகல, கூமுனைக் காடுகளின் விளிம்பிலும், மட்டக்களப்பு வாவியின் மேற்குக் கரையான படுவான்கரையின் மேற்கே உன்னிச்சை, உறுகாமம், நவகிரிக் குளங்களை அண்டிய நிலங்களிலும் விடுதி அமைப்பதற்கான விண்ணப்பங்கள் உங்கள் மேசைகளுக்கு வருவது இனிக் கூடுமே தவிரக் குறையாது. படுவான்கரையில் வேளாண்மைக் குடும்பமொன்றில் பிறந்து, சுற்றுலா வழிகாட்டியாகத் தொழில் செய்பவன் என்ற வகையில், காட்டு விடுதிகளே வேண்டாம் என்று கேட்க நான் இம்மடலை எழுதவில்லை. அவை நல்ல முறையில் அமைந்தால் எங்கள் பிள்ளைகளுக்கு ஊரிலேயே கௌரவமான தொழில் கிடைக்கும் என்று உறுதியாக நம்புகிறேன். நான் கேட்பது ஒன்றுதான். காட்டோரத்தில் எந்த விடுதிக்கும் அனுமதி வழங்குமுன், அதன் வருமானத்திலும் நிருவாகத்திலும் அயலிலுள்ள கிராமங்களுக்கு எழுத்தில் உறுதிசெய்யப்பட்ட பங்கு இருக்க வேண்டும் என்பதை அந்த அனுமதியின் நிபந்தனையாக்குங்கள்.

எங்கள் பகுதியில் காட்டுவதற்கு என்ன இருக்கிறது என்பதை நீங்கள் அறிவீர்கள். எனினும் பேச்சு எதைப் பற்றியது என்பது தெளிவாக இருக்கட்டும். அமேசன் மழைக்காட்டில் ஆற்றோரக் குடிலொன்றில் தங்கவும், கிழக்காபிரிக்கப் புல்வெளியில் கூடாரத்துக்கு அருகே வரிக்குதிரைகள் மேய்வதைக் காணவும் உலகின் பல மூலைகளிலிருந்து மக்கள் பெரும் பணம் செலவிட்டுச் செல்கிறார்கள். சிங்கராசவனம் போன்ற மழைக்காடு கிழக்கில் இல்லை. அது ஈரவலயத்துக்கு உரியது. ஆனால், மரங்கள் ஐதாக நிற்க, இடையிடையே ஆளுயரப் புல் விரியும் சவன்னா நிலம் எங்களிடம் உண்டு. 1954 இல் பிரகடனப்படுத்தப்பட்ட கல்லோயா தேசியப் பூங்காவின் 25,900 ஹெக்டேயரில், என்றும் பசுமையான காட்டுக்கு அடுத்தபடியாகப் பெரும் பகுதி அத்தகைய நிலந்தான். இலுக்கும் மானாப்புல்லும் வளர்ந்த அந்த வெளிகளில் கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிற்கின்றன. திரிபலாவின் மூன்று காய்களையும் ஒரே நடையில் விருந்தினருக்குக் காட்டி, அவற்றை எங்கள் வைத்தியர்கள் என்னென்ன நோய்களுக்குக் கொடுப்பார்கள் என்று சொல்லக்கூடிய இடம் அது. பட்டிப்பளை ஆற்றை இங்கினியாகலையில் மறித்துக் கட்டிய சேனநாயக்க சமுத்திரம் நாட்டின் மிகப் பெரிய நீர்த்தேக்கம். நீர் ஏறியபோது மூழ்காமல் எஞ்சிய குன்றுகள் இன்று தீவுகளாக நிற்கின்றன; அத்தீவுகளில் மேய்வதற்காக யானைகள் கரையிலிருந்து நீந்திச் செல்வதைப் படகிலிருந்து காணலாம். தும்பிக்கை நுனிகளும் முதுகுகளும் மட்டும் நீருக்கு மேலே தெரிய, ஒரு கூட்டம் ஆழத்தைக் கடப்பதைக் கண்ட பின்பு நெடுநேரம் பேசாமல் இருந்துவிட்ட விருந்தினர் பலரை எனக்குத் தெரியும்.

தெற்கே, 1,554 ஹெக்டேயர் மட்டுமே கொண்ட லகுகல கித்துலான பூங்காவில், கோடையில் குளத்து நீர் வற்றும்போது தலைகாட்டும் பேருப் புல்லைத் தின்ன யானைகள் கூட்டங்கூட்டமாக வருகின்றன. அதற்கும் தெற்கே கூமுனை. 1938 இலேயே பறவைகள் சரணாலயமாக அடையாளங் காணப்பட்ட கூமுனை வில்லு என்ற ஆழமற்ற நீர்நிலையில் நாரைகளும் கொக்குகளும் கண்டல் மரங்களில் கூடு கட்டுகின்றன. போரினால் 1985 முதல் 2003 வரை மூடிக்கிடந்த அந்தப் பூங்கா 35,664 ஹெக்டேயர் பரப்புடையது. சிறுத்தையும் கரடியும் வாழ்வது. உகந்தை முருகன் சந்நிதியிலிருந்து அந்தக் காட்டினூடாகத்தான் எங்கள் அடியார்கள் கதிர்காமத்துக்குத் தலைமுறை தலைமுறையாக நடந்துவருகிறார்கள். காட்டில் தங்குவதும், அங்கே குரலைத் தாழ்த்திப் பேசுவதும், நீர்நிலையை அசுத்தப்படுத்தாமல் கடப்பதும் எங்கள் மக்களுக்கு வெளியார் கற்றுக்கொடுத்த பழக்கங்கள் அல்ல.

இனி, விடுதி எதை விற்கிறது என்று பாருங்கள். கட்டிலும் குளியலறையும் எந்த ஊரிலும் கிடைக்கும். விருந்தினர் ஓரிரவுக்குப் பெருந்தொகை கொடுப்பது யானையைக் காண்பதற்கும், யானை இருக்கும் காட்டின் அருகே உறங்குவதற்குந்தான். அதே யானை பொழுது சாய்ந்த பின்பு காட்டைவிட்டு வெளியே வருகிறது. பெரும்போக வேளாண்மை, கதிர் கருக்கட்டும் குடலைப் பருவத்தை எட்டும் மார்கழி தொடங்கி, மாசியில் அறுவடை முடிந்து நெல் வீடு வந்து சேரும் வரை, காட்டோர வட்டைகளில், அதாவது வயல்வெளிகளில், ஆண்கள் பரணிலேயே இரவைக் கழிக்கிறார்கள். யானை வெடியும் தீப்பந்தமும் கையில் இருக்க, நுளம்பும் பனியும் உடம்பை வருத்த, அடுத்த வட்டையிலிருந்து கூக்குரல் எழுகிறதா என்று காது கொடுத்தபடி விடியும் இரவுகள் அவை. அலியன் என்னும் ஆண் யானை ஒன்று ஒரு நள்ளிரவில் புகுந்து போனால், கடன்பட்டு விதைத்த ஏக்கர்கள் மிதிபட்டுப் போகின்றன. வெல்லாவெளி, வவுணதீவு, செங்கலடி, கிரான், வாகரை, திருக்கோவில், பொத்துவில் என்று எந்தப் பிரதேச செயலகத்தின் கோவையைத் திறந்தாலும் இடிந்த வீடுகளையும் இறந்த மனிதர்களையும் பற்றிய முறைப்பாடுகள் அதில் இருக்கும்.

நாடு முழுவதற்கும் 2011 இல் எடுக்கப்பட்ட கணக்கெடுப்பில் 5,879 யானைகள் பதிவாயின. 2019 என்ற ஒரே ஆண்டில் நானூறுக்கும் மேற்பட்ட யானைகள் இறந்தன. யானைகளால் நூற்றுக்கும் மேற்பட்ட மனிதர்கள் உயிரிழந்தார்கள். யானைகள் நடமாடும் நிலப்பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காட்டில் மக்களும் குடியிருக்கிறார்கள் என்று ஆய்வாளர்கள் காட்டியிருக்கிறார்கள். ஆகவே, யானையைப் பூங்காவுக்குள் அடைத்துவிட்டு மனிதரை வெளியே வைத்துக்கொள்ளலாம் என்ற எண்ணம் இந்த நாட்டில் நடைமுறைக்கு ஒவ்வாதது. யானை இருக்கப்போவது எங்கள் வட்டைகளுக்கு அருகில்தான். அப்படியானால், யானையால் வரும் இழப்பு முழுவதும் ஒரு பக்கத்தாருக்கும், யானையால் வரும் வருமானம் முழுவதும் இன்னொரு பக்கத்தாருக்கும் போய்ச் சேரும் ஏற்பாடு எவ்வளவு காலத்துக்கு நிலைக்கும்? இரவெல்லாம் காவல் காத்தவன் விடியற்காலையில் வீடு திரும்பும்போது, அதே யானையைக் காணப் போகும் ஜீப்பு அவன் முகத்தில் புழுதியை வாரிப் போட்டுச் செல்கிறது. அந்த மனிதனுக்கு யானைமேல் வெறுப்பு வளர்ந்தால் குறை அவனுடையது அல்ல.

காட்டைப் பாதுகாப்பதன் பெயராலும் அபிவிருத்தியின் பெயராலும் காட்டில் வாழ்ந்தவர்களே முதலில் இழந்தார்கள் என்பதை இங்கே சொல்லாமல் இருக்க முடியாது. சேனநாயக்க சமுத்திரம் நிரம்பியபோது வேடர் வாழ்ந்த நிலங்கள் நீருக்கடியில் போயின. 1983 இல் மாதுறு ஓயா தேசியப் பூங்கா பிரகடனப்படுத்தப்பட்டபோது, தம்பானையை மையமாகக் கொண்டு வாழ்ந்த வேடர் தங்கள் வேட்டை நிலத்தையும் தேன் எடுக்கும் காட்டையும் இழந்தார்கள். அவர்களின் தலைவர் திசாஹாமி இறுதிவரை இடம்பெயர மறுத்தது நாடறிந்த செய்தி. பாணமையில் 2010 இல் தாங்கள் பயிரிட்டு வந்த காணிகளிலிருந்து வெளியேற்றப்பட்ட குடும்பங்கள் அவற்றை மீளக் கேட்டு ஆண்டுக்கணக்கில் போராட நேர்ந்தது. இது எங்கள் நாட்டில் மட்டும் நடந்ததும் அல்ல. உகண்டாவின் புவிண்டி மழைக்காடு 1991 இல் தேசியப் பூங்காவானபோது அங்கே காலங்காலமாக வாழ்ந்த பட்வா மக்கள் வெளியேற்றப்பட்டார்கள். இன்று மலைக் கொரில்லாக்களைக் காண உலகம் திரண்டு வரும் அந்தக் காட்டின் விளிம்பில், பட்வாக்கள் பலர் காணியற்றவர்களாகவே இருக்கிறார்கள். நாங்கள் அந்த வழியில் போக வேண்டியதில்லை. வேறு வழியில் போனவர்களும் இருக்கிறார்கள்.

பெரு நாட்டின் தம்போபாட்டா ஆற்றோரத்தில் இன்பியர்னோ என்ற கிராமம் இருக்கிறது. எசே எகா பழங்குடியினரும், மலைநாட்டிலிருந்தும் ஆற்றோரங்களிலிருந்தும் வந்து குடியேறியவர்களும் கலந்து வாழும் ஊர் அது. தமிழரும் முஸ்லிம்களும் சிங்களவரும் வேடரும் அடுத்தடுத்து வாழும் எங்கள் மாவட்டங்களைப் போலவே ஒருமித்த குரல் எளிதில் எழாத இடம். அந்தக் கிராமம் 1996 இல் ஒரு சுற்றுலா நிறுவனத்துடன் இருபது ஆண்டுகளுக்கு ஒப்பந்தம் எழுதியது. கிராமத்தின் நிலத்தில் விடுதி எழும்பும். இலாபத்தில் 60 விழுக்காடு கிராமத்துக்கும் 40 விழுக்காடு நிறுவனத்துக்கும் போகும். முடிவுகளை இரு தரப்பும் சேர்ந்தே எடுக்கும். கிராமத்தவர் படிப்படியாகப் பயிற்சி பெற்று நிருவாகத்தை ஏற்பார்கள் என்பவை அதன் சாரம். 1998 இல் திறக்கப்பட்ட போசாதா அமசோனாஸ் என்ற அந்த விடுதி இன்று மழைக்காட்டுச் சுற்றுலாவைப் பற்றிப் பேசுவோர் தவறாமல் குறிப்பிடும் எடுத்துக்காட்டு. என் மனத்தைத் தொட்டது அந்த விழுக்காட்டைவிட, கிராமத்தவர் முடிவெடுக்கும் மேசையில் சம உரிமையோடு உட்கார்ந்திருக்கிறார்கள் என்பதே. காசு மட்டும் கொடுத்துப் பேச்சுரிமை கொடுக்காத பங்கு, நல்லெண்ணமுள்ள ஒரு முகாமையாளர் மாற்றலாகிப் போனவுடன் நின்றுவிடக்கூடிய நன்கொடையாகிவிடும்.

கென்யாவின் லைக்கிப்பியாவில் மசாய் மக்களுக்குச் சொந்தமான இல் இங்வேசி விடுதியும் 1996 இல் திறக்கப்பட்டதுதான். சில குடில்கள் மட்டுமே கொண்ட சிறிய இடம் அது. நமீபியா அதே ஆண்டில் சட்டத்தைத் திருத்தி, தங்கள் நிலத்திலுள்ள காட்டுயிர்களைப் பராமரிக்கவும் அவற்றினால் வருமானம் பெறவும் பதிவுபெற்ற கிராமச் சமூகங்களுக்கு உரிமை கொடுத்தது. இன்று அங்கே எண்பதுக்கும் மேற்பட்ட சமூகக் காப்பகங்கள் இருக்கின்றன. அவற்றுள் ஒன்றான தொர்ராவில், பாலைநிலத்து யானைகளைக் காணச் செல்லும் விருந்தினர் தங்கும் முகாம், கிராமமும் ஒரு நிறுவனமும் உடன்படிக்கை செய்து நடத்துவது. காட்டு விலங்கு மாட்டைக் கொன்றாலோ பயிரை அழித்தாலோ, இழந்தவருக்குத் தங்கள் பொது நிதியிலிருந்தே உதவும் ஏற்பாடுகளையும் அங்குள்ள சமூகங்கள் செய்துகொண்டன. படுவான்கரைக்கு மிகவும் பொருந்துவது இதுதான் என்பது என் எண்ணம்.

குறைகளையும் சொல்ல வேண்டும். உகண்டாவில் பூங்கா நுழைவுக் கட்டணத்தின் 20 விழுக்காடு அயற்கிராமங்களுக்குச் செல்ல வேண்டும் என்று சட்டமே சொல்கிறது. கேட்கும்போது பெரிதாகத் தெரியும். ஆனால் கொரில்லாவைக் காண்பதற்கான அனுமதிக் கட்டணம் நுழைவுக் கட்டணத்தைவிடப் பல மடங்கு பெரியது. அந்தப் பெரிய தொகை 20 விழுக்காட்டுக் கணக்கில் சேரவில்லை. தவிர, பணம் உள்ளூராட்சி அமைப்புகள் ஊடாகப் போவதால் தாமதமும் இடையில் கசிவும் ஏற்படுவதாக அங்குள்ளோர் முறையிட்டு வந்திருக்கிறார்கள். ஆகவே எத்தனை விழுக்காடு என்பதோடு, எதன்மீது, யார் கையில், எப்போது என்ற மூன்றையும் ஒப்பந்தத்திலேயே எழுத வேண்டும். இலாபத்தில் பங்கு என்று எழுதினால், கணக்கெழுதுபவரின் திறமையால் இலாபமே இல்லாமற்போகலாம். ஆகவே ஒவ்வொரு விருந்தினரும் தங்கும் ஒவ்வோர் இரவுக்கும் இவ்வளவு என்று குறிப்பிட்ட தொகையை எழுதுவதே எளிது; அதை வருகைப் பதிவேட்டைப் பார்த்து எவரும் சரிபார்க்கலாம்.

அத்துடன், விருந்தினரே வராத காலத்தில் குறைந்தபட்சமாகக் கொடுக்க வேண்டிய காணி வாடகையும் இருக்க வேண்டும். 2019 உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களில் மட்டக்களப்பின் சீயோன் தேவாலயமே குருதியில் நனைந்தது. அதன்பின் பயணிகள் வரவு எப்படி நின்றுபோனது என்பதை வழிகாட்டிகளான நாங்கள் அனுபவித்தோம். அது தேறுமுன் 2020 இல் கொரோனா, பிறகு 2022 இல் எரிபொருள் வரிசை. சுற்றுலா வருமானத்தை மட்டும் நம்பி ஒரு கிராமம் வேளாண்மையைக் கைவிடுவதை நான் ஒருபோதும் விரும்பமாட்டேன். நெற்செய்கைக்குத் துணையாக நிற்பதே விடுதியின் பங்கு.

காலக்கணக்கும் எங்களுக்கு வாய்ப்பாக அமைந்திருக்கிறது. கிழக்கின் சுற்றுலாக் காலம் சித்திரையில் தொடங்கிப் புரட்டாதி வரை நீள்கிறது. பெரும்போக விதைப்பு ஐப்பசியில். எனவே, கோடையில் விடுதி ஈட்டுவதில் கிராமத்துக்குச் சேர வேண்டிய பங்கு விதைப்புக்கு முன்பே கைக்கு வந்துவிட்டால், அந்தப் போகத்துக்கான மின்வேலியை அதைக் கொண்டே அமைக்கலாம். காட்டின் எல்லைக் கோடு வழியே திணைக்களம் கட்டும் நெடிய வேலிகளைவிட, விவசாயிகளே தங்கள் வட்டையைச் சுற்றி விதைப்போடு நட்டு, அறுவடையோடு கழற்றும் பருவகால வேலிகள் பயன் தருகின்றன என்று கலாநிதி பிருதிவிராஜ் பெர்னாண்டோவும் அவரது சக ஆய்வாளர்களும் பல ஆண்டுகளாகச் செய்து காட்டியிருக்கிறார்கள். எல்லைக்கோட்டு வேலியின் இரு பக்கங்களிலும் யானைகள் இருப்பதால் அது பல இடங்களில் எதையும் தடுப்பதில்லை. வட்டையைச் சூழ்ந்த வேலியோ பயிர் நிற்கும் காலத்தில் மட்டும் யானையைத் தடுத்து, அறுவடைக்குப் பின் அடிக்கட்டையை மேய அதற்கு வழிவிடுகிறது. 2020 இல் அவரது தலைமையிலான குழு வகுத்த தேசியச் செயற்றிட்டமும் இத்தகைய வேலிகளையே முன்வைக்கிறது. திட்டம் ஏற்கெனவே எழுதப்பட்டிருக்கிறது. வேலியைப் பராமரிக்க ஆண்டுதோறும் வரும் பணந்தான் கிராமங்களிடம் இல்லை. விடுதிப் பங்கை அந்த இடத்தில் பொருத்துங்கள் என்று கேட்கிறேன்.

பங்கு கொடுத்துவிட்டால் எந்த இடத்திலும் விடுதி கட்டலாம் என்று எவரும் பொருள் கொள்ளக் கூடாது. யானைத் தடத்தில் விடுதி கூடவே கூடாது. தமிழ்நாட்டில் நீலகிரி மலையடிவாரத்துச் சீகூர் சமவெளியில், முதுமலையை ஒட்டிய யானை வழித்தடத்தில் தங்குமிடங்கள் ஒன்றன்பின் ஒன்றாக எழும்பின. அவற்றை அகற்ற வேண்டும் என்று 2011 இல் சென்னை உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. இந்திய உச்ச நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2020 இல். கட்டிய பின்பு இடிப்பதற்கு அத்தனை ஆண்டுகள் பிடித்தன. அதற்கடுத்த ஜனவரியில், அதே பகுதியில் மசினகுடியிலுள்ள ஒரு தங்குமிடத்தை நெருங்கிய யானைமீது எரியும் டயர் வீசப்பட்டு, அந்த யானை இறந்தது. யானையைக் காட்டிப் பிழைத்த இடத்திலேயே யானை எரிந்த அந்தக் கொடுமையை நினைக்கும்போது, இங்கே வரைபடம் இன்னும் எங்கள் கையில் இருக்கிறது என்பதை எண்ணிப் பார்க்க வேண்டும். எந்தக் குளத்திலிருந்து எந்தக் காட்டுக்கு யானை எவ்வழியே போகும் என்பதை, வயல்களுக்கு நீர் பங்கிடும் வட்டவிதானைமாரும் மாடு மேய்ப்பவர்களும் தூக்கத்திலும் சொல்வார்கள். அவர்களை அழைத்து, தடங்களைக் குறித்து, அவற்றின்மேல் எவருக்கும் அனுமதியில்லை என்று முதலில் பிரகடனப்படுத்துங்கள். மேய்ச்சல் தரைகளும் அவ்வாறே. மயிலத்தமடு, மாதவணைப் பண்ணையாளர்கள் தங்கள் மாடுகளின் மேய்ச்சல் நிலத்துக்காக வீதியோரத்தில் போராடிய ஒரு மாவட்டத்தில், மிஞ்சியிருக்கும் தரைகளைச் சுற்றுலாவின் பெயரால் சுருக்குவது பெரும் அநியாயமாகும்.

விருந்தினர் எண்ணிக்கை பற்றிச் சுருக்கமாகவே சொல்கிறேன், ஏனெனில் யாலாவின் முதலாம் வலயத்தில் ஒரு சிறுத்தையைச் சூழ்ந்து நெரியும் ஜீப்பு வரிசையை அறியாதவர் உங்களில் இருக்க முடியாது. மலைக் கொரில்லாக் கூட்டமொன்றை நாளுக்கு எட்டுப் பேர், ஒரே ஒரு மணி நேரம் மட்டும் பார்க்கலாம் என்று வரையறுத்த நாடுகள் அதனால் ஏழையாகிவிடவில்லை. சேனநாயக்க சமுத்திரத்தில் நீந்தும் யானைக் கூட்டத்தைப் படகுகள் சூழ்ந்துகொள்ளக் கூடாது. குட்டி தாயைப் பிரிந்தால் அது மூழ்கிவிடக்கூடும். படகுகளுக்கு எண்ணிக்கையும் இடைவெளியும் இப்போதே விதியுங்கள். அந்தப் படகுகளை ஓட்டும் முதல் உரிமையை அந்நீரில் மீன்பிடித்து வாழும் குடும்பங்களுக்குக் கொடுத்தால் விதியைக் காப்பவர்களும் அவர்களாகவே இருப்பார்கள்.

கழிவுகளை எங்கே கொட்டுவது என்பதும் அனுமதிக்கு முன்பே தீர்க்கப்பட வேண்டிய கேள்வி. அம்பாறையின் பள்ளக்காட்டுக் குப்பை மேட்டில் பொலித்தீனைத் தின்று எட்டு ஆண்டுகளில் ஏறத்தாழ 20 யானைகள் இறந்தன என்ற செய்தி 2022 ஜனவரியில் உலகெங்கும் போனது. யானையைக் காட்டிப் பணம் பெறும் ஒரு விடுதியின் குப்பை அந்த மேட்டுக்குப் போய்ச் சேருமானால் அதற்கு நாம் என்ன விளக்கம் சொல்வது? பிளாஸ்டிக் உள்ளே வராத, உணவுக் கழிவு வெளியே போகாத விடுதிக்கு மட்டுமே அனுமதி என்று எழுதுங்கள்.

வேலைவாய்ப்பு என்ற சொல் எல்லா விண்ணப்பங்களிலும் இருக்கும். எந்த வேலை என்று கேளுங்கள். எங்கள் இளைஞர்கள் துணி துவைப்பதற்கும் வளவு கூட்டுவதற்கும் எடுக்கப்பட்டு, காட்டைப் பற்றிப் பேசும் பணிக்குத் தலைநகரிலிருந்து ஆட்கள் வருவதை நான் பல இடங்களில் பார்த்திருக்கிறேன். காட்டைப் பற்றிப் பேச எங்களிடம் ஆட்கள் இருக்கிறார்கள். வாகரையிலும் குஞ்சன்குளத்திலும் தமிழ் பேசும் வேடர் குடும்பங்கள் இன்றும் தேனெடுக்கவும், சுவடு பார்க்கவும், காற்று எத்திசையிலிருந்து வீசுகிறது என்று கணித்து விலகவும் அறிந்தவை. அவர்களுடைய சடங்குகளை விருந்தினர் முன் கூத்தாக ஆடவைக்காமல், அவர்களின் அறிவுக்கு வழிகாட்டி என்ற பதவியையும் அதற்குரிய ஊதியத்தையும் கொடுப்பதே முறை. இயற்கை வழிகாட்டிகளுக்கான பயிற்சியையும் பரீட்சையையும் மட்டக்களப்பிலும் அம்பாறையிலும், தமிழிலும் நடத்துங்கள். எழுத்துத் தேர்வில் தடுமாறும் ஒருவர் சுவடு பார்ப்பதில் எங்கள் எல்லோரையும் விடச் சிறந்தவராக இருக்கக்கூடும். அவருக்கு வாய்மொழித் தேர்வு வையுங்கள்.

இன்னொரு கோரிக்கையும் உண்டு. காட்டோரப் பாடசாலைகளில் படிக்கும் பிள்ளைகளிற் பலர் யானையை இரவில், வெடிச் சத்தத்தோடும் தாயின் அழுகையோடும் சேர்த்தே அறிந்திருக்கிறார்கள். வெளிநாட்டுப் பிள்ளை படகிலிருந்து காணும் யானையை, அமைதியாக நீரருந்தித் தன் குட்டியை அணைத்து நிற்கும் அதே யானையை, எங்கள் பிள்ளை ஒருநாளும் கண்டதில்லை. ஒவ்வொரு விடுதியும் விருந்தினர் குறைந்த மாதங்களில் அயற் பாடசாலைகளின் மாணவர்களை இலவசமாக அழைத்துச் சென்று காட்ட வேண்டும் என்று நிபந்தனையிடுங்கள். இதற்கு ஆகும் செலவு சிறிது. விடுதிக்காரர் மறுப்பார் என்று நான் நினைக்கவில்லை.

நடைமுறைக்கு வருவோம். விடுதிக்கான விண்ணப்பம் உங்கள் கைக்குக் கிடைத்தவுடன் அதன் முழு விபரத்தையும் வரைபடத்தோடு தமிழிலும் சிங்களத்திலும் கிராம உத்தியோகத்தர் அலுவலகத்திலும் கமநல சேவைகள் நிலையத்திலும் ஒட்டுங்கள். அயலிலுள்ள எல்லாக் கிராமங்களையும், எந்த இனத்தவராயினும், ஒரே கூட்டத்துக்கு அழையுங்கள். கல்லோயா ஓரத்துச் சிங்களக் கிராமத்தவரும் யானைக்குப் பயந்து விழித்திருப்பவர்களே. கூட்டத்தை அறுவடை நாட்களில் வைக்காதீர்கள், பெண்கள் வரக்கூடிய நேரத்தில் வையுங்கள். கிராமத்தின் சார்பில் ஒப்பமிடும் சங்கம் ஆண்டுதோறும் தன் கணக்கைப் பொதுக்கூட்டத்தில் வாசிக்க வேண்டும். வாசிக்கத் தவறினால் அடுத்த ஆண்டுப் பங்கு நேரடியாக வேலி நிதிக்குச் செல்லட்டும். சங்கங்களில் நடக்கும் முறைகேடுகளை நாங்களும் அறிவோம், ஆகவேதான் இதையும் கேட்கிறோம். ஒப்பந்தத்தின் பிரதி பிரதேச செயலகத்தில் எவரும் பார்க்கத்தக்கதாக இருக்கட்டும். கிராமத்தின் ஒப்பமில்லாத விண்ணப்பம் அதற்கு மேல் நகரக் கூடாது.

இவற்றுக்குப் புதிய சட்டம் வேண்டுமா, இருக்கும் அனுமதிப் படிவத்தில் நிபந்தனைகளைச் சேர்த்தாலே போதுமா என்பதை நீங்களே தீர்மானிக்க வல்லவர்கள். என்னைப் பொறுத்தவரை, முழு மாகாணத்துக்குமான கொள்கை வகுபடும் வரை காத்திராமல், கல்லோயா ஓரத்தில் ஒரு விடுதியிலும் படுவான்கரையில் ஒரு விடுதியிலும் இந்த ஏற்பாட்டைத் தொடங்கிப் பார்க்கலாம். வரும் ஐப்பசி விதைப்புக்கு முன் அதற்கான முதற் கூட்டத்துக்கு நாள் குறித்து அறிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன். வட்டவிதானைமாரையும், மீனவர் சங்கத்தாரையும், வழிகாட்டிகளையும் அழைத்து வரும் பொறுப்பை ஏற்க நான் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
படுவான்கரையைச் சேர்ந்த ஒரு சுற்றுலா வழிகாட்டி
மட்டக்களப்பு